கார்டு சரிதான், பாட்டு ஏன் உரசுகிறது? காதில் கேட்கும் குறையிலிருந்து பிழையைப் பிடிக்கும் வழி

ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டைத்தான் கார்டு என்கிறோம். கார்டு வரிசையில் ஏதோ சரியில்லை என்று கேட்டு வருபவர்கள், பெரும்பாலும் "இந்த இடத்தில் வேறு என்ன கார்டு போடலாம்?" என்ற கேள்வியோடுதான் வருகிறார்கள். பல பாடல்களில் அந்தக் கேள்வியே தேவைப்படுவதில்லை. அடியில் ஒலிக்கும் பேஸ் ஸ்வரம், மெட்டு ஊன்றி நிற்கும் ஸ்வரம், கார்டு மாறும் நேரம் ஆகிய மூன்றில் ஒன்று இடறியிருக்கும். கார்டை மாற்றுவதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். அப்படிப் பார்க்காமல் கார்டை மாற்றிக்கொண்டே போனால், முதலில் இருந்த ஒரு பிழை இரண்டாகப் பெருகும்.

உதாரணங்கள் எல்லாம் சி மேஜர் ஸ்கேலில் (பாட்டு எடுத்துக்கொள்ளும் ஏழு ஸ்வரங்களின் தொகுதி) இருக்கின்றன. அதன் ஏழு கார்டுகள்: சி, டி மைனர், ஈ மைனர், எஃப், ஜி, ஏ மைனர், பி டிமினிஷ்டு. கார்டின் பெயரோடு வேறு அடைமொழி இல்லையென்றால் அது மேஜர். தனி ஸ்வரத்தைக் குறிக்கும்போது 'ஸ்வரம்' என்றே எழுதியிருக்கிறேன். உங்கள் பாட்டு வேறு ஸ்கேலில் இருந்தால், கார்டுகளை 1 முதல் 7 வரை எண்ணிட்டு அதே எண்ணைப் பயன்படுத்துங்கள்.

## குறை 1: கார்டுகள் தனியாகக் கேட்டால் இனிமை, மெட்டோடு சேர்ந்தால் உரசல்

அதிகம் வருவது இதுதான். முதலில் உரசல் எங்கெங்கே வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பொறுத்து வழி பிரியும்.

### பாட்டு முழுக்க உரசினால்

கார்டைத் தொடாதீர்கள், வாத்தியத்தைப் பாருங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் (எல்லா ஸ்வரங்களையும் ஒரே அளவுக்கு நகர்த்தும் அமைப்பு) ஏதாவது எண்ணில் நிற்கிறதா? கிதாரில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) ஃப்ரெட்டை, அதாவது கழுத்தின் குறுக்குக் கம்பியை, ஒட்டி நேராக இருக்கிறதா? அதிக அழுத்தத்தோடு சாய்வாக மாட்டிய கேப்போ தந்திகளைச் சற்றே மேலே இழுத்துவிடும். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வோர் அளவுக்கு இழுக்கும்.

அடுத்து சுருதி. கிதாரில் ஒரு வலை இருக்கிறது. ஈ மேஜர் கார்டைப் பிடித்துக்கொண்டு, அது தேனாக இனிக்கும்வரை ஜி தந்தியைத் திருகுபவர்கள் உண்டு. அந்தக் கார்டில் ஜி தந்தியின் முதல் ஃப்ரெட் ஜி ஷார்ப்; அதாவது கார்டின் மூன்றாவது ஸ்வரம் (கார்டின் முதல் ஸ்வரத்திலிருந்து ஸ்கேலில் எண்ணினால் மூன்றாவது). எல்லாக் கட்டைகளுக்கும் ஒரே இடைவெளி வைக்கும் சம இடைவெளிச் சுருதியில் மேஜர் மூன்றாவது, இயற்கையான மூன்றாவதைவிட ஏறத்தாழ 14 சென்ட் கூடுதலாக இருக்கும். ஒரு செமிடோன், அதாவது அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி, 100 சென்ட். அந்த 14 சென்ட்டைக் காதால் குறைத்துவிட்டால் ஈ மேஜர் இனிக்கும். அடுத்து ஜி கார்டு வாசித்தால் திறந்த ஜி தந்தி இறங்கிக் கேட்கும், சி கார்டிலும் அப்படியே. எந்தக் கார்டையும் வைத்துச் சுருதி சேர்க்க வேண்டாம். டியூனரில் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்த்து, தந்திகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

ஏதாவது ஒரு பதிவோடு சேர்ந்து வாசிக்கும்போது மட்டும் உரசினால், அந்தப் பதிவே 440-க்குச் சற்று மேலோ கீழோ இருக்கலாம். அப்போது உங்கள் வாத்தியத்தைப் பதிவுக்கு இசைவாக நகர்த்துங்கள்.

### எந்தக் கார்டு வந்தாலும் ஒரே ஸ்வரத்தில் மட்டும் உரசினால்

ஸ்கேலைத் தவறாகக் கணித்திருக்கிறீர்கள். சி மேஜருக்கும் ஜி மேஜருக்கும் ஒரே ஒரு ஸ்வர வித்தியாசம்: முதலதில் எஃப், அடுத்ததில் எஃப் ஷார்ப் (ஒரு செமிடோன் மேலே). எஃப் மேஜரோடு ஒப்பிட்டாலும் ஒன்றுதான்: பி-க்குப் பதில் பி ஃபிளாட் (ஒரு செமிடோன் கீழே). மெட்டை மெதுவாகப் பாடி, நான்காவது ஸ்வரமும் ஏழாவது ஸ்வரமும் எந்தக் கட்டையில் விழுகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிச்சு அவிழும்.

### ஓரிரு இடங்களில் மட்டும் உரசினால்

இங்கே நிதானம் வேண்டும். உரசும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் மெட்டு எந்த ஸ்வரத்தில் இருக்கிறது? அது தாளத்தின் வலுவான தட்டில் விழுகிறதா? எவ்வளவு நேரம் நிற்கிறது? இந்த மூன்று விடைகளையும் தாளில் எழுதுங்கள்.

மெட்டு அரைத் தட்டுக்கு மட்டும் அந்த ஸ்வரத்தைத் தொட்டு, அடுத்த கட்டைக்கு நகர்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள். கடந்துபோகும் ஸ்வரம் கார்டுக்குள் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. அப்படிப்பட்ட ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கார்டு மாற்றி, பாட்டை மூச்சுத்திணற வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வலுவான தட்டில் ஊன்றி நின்றால் கவனிக்க வேண்டும். பொதுவான உதாரணம்: அடியில் சி கார்டு, மேலே மெட்டு எஃப் ஸ்வரத்தில் இரண்டு தட்டு நிற்கிறது. சி கார்டுக்குள் இருக்கும் ஈ ஸ்வரமும் மெட்டின் எஃப் ஸ்வரமும் ஒரு செமிடோன் தூரத்தில் மோதுகின்றன. இதைத் தீர்க்க மூன்று வழிகள், எளியது முதலில்:

ஒன்று, கார்டிலிருந்து ஈ ஸ்வரத்தை மட்டும் எடுத்துவிட்டு எஃப் ஸ்வரத்தை வையுங்கள். இது சி சஸ்4. மெட்டு ஈ-க்கு இறங்கும்போது நீங்களும் இறங்குங்கள். கேட்க அழகாக இருக்கும்.

இரண்டு, எஃப் ஸ்வரத்தை உள்ளடக்கிய கார்டுக்கு மாறுங்கள். ஸ்கேலின் ஒவ்வொரு ஸ்வரமும் மூன்று கார்டுகளில் இருக்கும்: ஒன்றில் முதல் ஸ்வரமாக, ஒன்றில் மூன்றாவதாக, ஒன்றில் ஐந்தாவதாக. எஃப் ஸ்வரத்துக்கு அவை எஃப், டி மைனர், பி டிமினிஷ்டு. சி ஸ்வரத்துக்கு சி, ஏ மைனர், எஃப். இந்தப் பட்டியலை ஏழு ஸ்வரங்களுக்கும் நீங்களே ஒருமுறை எழுதிவிடுங்கள். கார்டு தேடும் வேலையில் பாதி அந்த ஒரு தாளில் முடிந்துவிடும்.

மூன்று, மாறும் நேரத்தை நகர்த்துங்கள். கார்டு சரியாக இருந்து, இரண்டு தட்டு முந்தியோ பிந்தியோ வந்திருக்கலாம். முதல் தட்டுக்கு முன்பே எடுக்கும் பாடல்களில் இது மிகவும் சகஜம். பாட்டின் முதல் சொல்லையே முதல் தட்டு என்று எண்ணிவிட்டால் வரிசை முழுவதும் இடம்பெயர்ந்துவிடும். சொல்லை மறந்து, கால் தட்டும் இடத்தை வைத்து எண்ணிப் பாருங்கள்.

ஜி கார்டின் மேல் மெட்டு சி ஸ்வரத்தில் நிற்பதும் இதே கதைதான். அங்கே மோதுவது பி ஸ்வரம். ஜி சஸ்4 போட்டுத் தாமதித்தால் போதும்.

### தொழில் தெரிந்தவரிடம் போக வேண்டிய கட்டம்

கிதாரில் 12-ஆம் ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மோனிக்கும், அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டும் ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் முதலில் புதுத் தந்தி மாற்றிப் பாருங்கள். அப்போதும் வேறுபட்டால் கிதார் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பியானோவில் ஒரே ஒரு கட்டையைத் தனியாக அழுத்துங்கள். நடுப்பகுதியிலும் மேல்பகுதியிலும் ஒரு கட்டைக்கு மூன்று தந்திகள் உண்டு. அவை தமக்குள் பிசகியிருந்தால் ஒற்றை ஸ்வரமே அலையலையாக நடுங்கும். அதைச் சரிசெய்வது சுருதி சேர்ப்பவரின் வேலை. நீங்கள் கைவைக்க வேண்டாம்.

## குறை 2: கடைசிக் கார்டு வந்தும் பாட்டு முடிந்ததுபோல் இல்லை

### அடியில் என்ன ஒலிக்கிறது?

கடைசிக் கார்டு சி என்று தாளில் இருக்கும். ஆனால் இடக்கையோ பேஸ் கிதாரோ ஜி அல்லது ஈ ஸ்வரத்தில் நிற்கும். மேலே எத்தனை சி ஸ்வரங்கள் ஒலித்தாலும் காது அடியில் இருப்பதையே நம்பும். பேஸை சி ஸ்வரத்துக்குக் கொண்டுவாருங்கள். கிதாரில் சி கார்டு பிடிக்கும்போது ஆறாவது தந்தியையும் சேர்த்து மீட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அந்தத் தந்தி திறந்த ஈ.

### எந்தத் தட்டில் முடிகிறது?

முதல் தட்டில் இறங்க வேண்டிய கார்டு நான்காவது தட்டில் வந்தால் வாக்கியம் தொங்கும். ஒரு தட்டு நீட்டியோ குறைத்தோ பாருங்கள்.

### அதற்கு முந்தைய கார்டு என்ன?

எஃப்-லிருந்து சி-க்கு வந்தால் மென்மையான முடிவு. ஜி-யிலிருந்து சி-க்கு வந்தால் உறுதியான முடிவு. இன்னும் உறுதி வேண்டுமானால் ஜி செவன்த் (ஜி கார்டோடு எஃப் ஸ்வரமும் சேர்ந்தது): அதற்குள் இருக்கும் பி ஸ்வரம் மேலே சி-க்கும், எஃப் ஸ்வரம் கீழே ஈ-க்கும் ஒரே நேரத்தில் செமிடோன் தூரம் நகர்கின்றன. இந்த இரண்டு நகர்வுகளையும் கீபோர்டில் தனியாக வாசித்துக் கேளுங்கள். முடிவின் விசை எங்கே இருக்கிறது என்று விரலுக்கே புரியும்.

மைனர் பாட்டில் வேறொரு சோதனை. ஏ மைனரில் முடியும் பாட்டுக்கு முன்கார்டாக ஈ மைனர் போட்டிருந்தால் அதில் ஜி ஸ்வரம்தான் இருக்கும். ஏ ஸ்வரத்துக்குப் போக அது இரண்டு செமிடோன் ஏற வேண்டும். ஈ மேஜர் போட்டால் ஜி ஷார்ப் வரும், ஏ-யை ஒட்டி நின்று தள்ளும். ஆனால் அந்த நேரத்தில் மெட்டு ஜி ஸ்வரத்தில் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், குறை 1 திரும்பி வரும். ஈ மைனரின் சாந்தமே சில பாடல்களுக்குப் பொருத்தம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

### இவை எல்லாம் சரியாக இருந்தும் தொங்கினால்

நீங்கள் வீட்டுக் கார்டையே (பாட்டு வந்து அமரும் கார்டு) தவறாக எடுத்திருக்கலாம். சி மேஜருக்கும் ஏ மைனருக்கும் ஸ்வரங்கள் ஒன்றே. பாட்டை எங்கே நிறுத்தினால் மனம் அமைகிறது என்று சி-யிலும் ஏ மைனரிலும் மாற்றி மாற்றி நிறுத்திப் பாருங்கள். பதில் உடனே தெரியும்.

## குறை 3: கார்டு மாறும்போதெல்லாம் துள்ளிக் குதிக்கிறது

காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: ஒவ்வொரு கார்டையும் அதன் முதல் ஸ்வரத்தை அடியில் வைத்து, ஒரே கைவடிவத்தைத் தூக்கித் தூக்கி வைக்கிறீர்கள்.

வலக்கையில் இப்படி வாசியுங்கள். சி: சி, ஈ, ஜி. அங்கிருந்து எஃப்: சி, எஃப், ஏ. சி ஸ்வரம் அசையவில்லை, மற்ற இரண்டும் பக்கத்துக்கு நகர்ந்தன. அடுத்து ஜி: பி, டி, ஜி. மூன்றும் கீழே இறங்குகின்றன. இடக்கையில் பேஸ் எஃப்-லிருந்து ஜி-க்கு மேலே ஏறுகிறது. கைகள் எதிரெதிராக நகர்வதால் இந்த மாற்றம் இறுக்கமாக ஒலிக்கும். பிறகு சி: சி, ஈ, ஜி. பி ஸ்வரம் சி-க்கு ஏறுகிறது, டி ஸ்வரம் ஈ-க்கு ஏறுகிறது, ஜி அப்படியே நிற்கிறது.

ஒரே விதி: இரண்டு கார்டுகளுக்கும் பொதுவான ஸ்வரம் இருந்தால் அதை அசைக்காதீர்கள், மற்றவற்றை மிக அருகில் உள்ள கட்டைக்குக் கொண்டுபோங்கள். இன்வர்ஷன்களை (ஒரே கார்டின் ஸ்வரங்களை வேறு வரிசையில் அடுக்கும் வடிவங்கள்) பெயர் சொல்லி மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு வரிசையை மூன்று நான்கு ஸ்கேல்களில் வாசிப்பது அதிகப் பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

## குறை 4: அடிப்பகுதி கலங்கி, கார்டு எதுவென்றே புரியவில்லை

ஒலியை நீட்டும் பெடலை விட்டுவிட்டு வாசித்துப் பாருங்கள். தெளிவானால் பெடல்தான் காரணம். புதுக் கார்டு ஒலித்த மறுகணம் பெடலைத் தூக்கி மறுபடி அழுத்தப் பழகுங்கள். கார்டோடு ஒன்றாக அழுத்தினால் பழைய கார்டும் ஒட்டிக்கொள்ளும்.

பெடல் இல்லாமலும் கலங்கினால் இடக்கையைப் பாருங்கள். நடு சி-க்கு இரண்டு ஸ்தாயி கீழே சி, ஈ, ஜி என்று மூன்று ஸ்வரங்களையும் நெருக்கமாக வாசித்தால் எந்த வாத்தியத்திலும் அது முணுமுணுப்பாகத்தான் வரும். கீழ் ஸ்தாயியில் சி-யும் ஜி-யும் மட்டும் போதும். ஈ ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே கொண்டுபோங்கள். அதே மூன்று ஸ்வரங்கள், ஒலி திறந்துவிடும்.

குழுவாக வாசிக்கிறீர்களா? பேஸ் கிதார் இருக்கும்போது கீபோர்டின் இடக்கை ஓய்வெடுக்கலாம். இருவரும் கீழே வெவ்வேறு ஸ்வரம் வாசித்தால் கார்டின் பெயரை முடிவு செய்வது மிகக் கீழே ஒலிப்பவர்தான்; மற்றவர் சண்டைபோடுவதுபோல் கேட்கும். யார் அடியை வைத்திருப்பது என்று ஒத்திகைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். பதிவு செய்தபிறகும் கலங்கல் போகாமல், வாசிப்பிலும் குறை இல்லையென்றால் மட்டும் ஒலிக்கலவைப் பொறியாளரை நாடுங்கள். வாசிப்பிலேயே நெரிசல் இருக்கும்போது அவரிடம் போனால் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

## குறை 5: சி, ஜி, ஏ மைனர், எஃப் என்றே சுற்றுகிறது, அலுக்கிறது

புதுக் கார்டு தேடி ஓடாதீர்கள். முதலில் வேகத்தை மாற்றுங்கள். நான்கு கார்டும் ஆளுக்கு ஒரு பார் (தாளத்தின் ஒரு சுற்று) என்று சமமாக இருந்தால்தான் அலுப்பு அதிகம். சி-யில் இரண்டு பார் நின்று, மீதி மூன்றையும் அடுத்த இரண்டு பாருக்குள் கொண்டுவந்து பாருங்கள்.

பிறகு பேஸை மாற்றுங்கள். சி கார்டு; ஜி கார்டின் அடியில் பி ஸ்வரம்; ஏ மைனர்; சி கார்டின் அடியில் ஜி ஸ்வரம்; எஃப். பேஸ் சி, பி, ஏ, ஜி, எஃப் என்று படியிறங்கும். வரிசை ஏறத்தாழ பழையதே, ஆனால் பாட்டுக்கு ஒரு திசை கிடைத்துவிடும்.

அடுத்த கட்டமாகக் கார்டை மாற்றலாம். எஃப் இருக்கும் இடத்தில் டி மைனர். ஏ மைனருக்கு முன் ஈ மேஜர். எஃப்-க்குப் பின் எஃப் மைனர் வந்து சி-க்குத் திரும்புவது எனக்கு மிகவும் பிடித்தது: ஏ, ஏ ஃபிளாட், ஜி என்று உள்ளே ஒரு ஸ்வரம் செமிடோன் செமிடோனாக இறங்கும். அந்த இழையை வலக்கையின் மேல் விரலில் வைத்தால்தான் கேட்பவருக்கு எட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மெட்டைப் பாடி உரசலைச் சோதியுங்கள்.

ஸ்கேலையே மாற்றுவது கடைசி வழி. பாடுபவரின் குரல் எல்லையைக் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம்.

## குறை 6: ஸ்கேலுக்குள் இல்லாத கார்டு தாளில் நிற்கிறது

அச்சுப்பிழை என்று அடித்துவிடாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்.

அடுத்த கார்டு, இதையும் சேர்த்துக் கீழ்நோக்கி எண்ணினால் ஐந்தாவது ஸ்வரத்தில் இருக்கிறதா? டி மேஜருக்குப் பின் ஜி, ஈ மேஜருக்குப் பின் ஏ மைனர், ஏ மேஜருக்குப் பின் டி மைனர், சி செவன்த்துக்குப் பின் எஃப். ஆம் என்றால் அது அடுத்த கார்டைத் தள்ளிவிடும் கார்டு, சரியாகவே இருக்கிறது.

இல்லையென்றால், அது சி மைனரிலிருந்து வாங்கிய கார்டா? எஃப் மைனர், பி ஃபிளாட், ஏ ஃபிளாட், ஈ ஃபிளாட் ஆகியவை அந்தக் கூட்டம்.

அதுவும் இல்லையென்றால், இரண்டு கார்டுகளுக்கு நடுவே பேஸ் செமிடோனாக ஏறுகிறதா? சி-க்கும் டி மைனருக்கும் இடையே சி ஷார்ப் டிமினிஷ்டு வருவது அப்படித்தான்.

மூன்றுக்கும் இல்லை என்றால் தாளைச் சந்தேகிக்கலாம். தானாகக் கார்டு கண்டுபிடித்துத் தரும் செயலிகள் மேஜரையும் மைனரையும் குழப்புவதுண்டு, அடியில் இருக்கும் ஸ்வரத்தைத் தவறவிடுவதும் உண்டு. தாளை மூடிவிட்டுக் காதால் சரிபாருங்கள்.

## குறை 7: பதிவைக் கேட்டுக் கார்டு பிடிபடவே இல்லை

முழுக் கார்டையும் ஒரேயடியாகப் பிடிக்க முயல்வதால் வரும் தடை. பேஸை மட்டும் பாடுங்கள். பாட முடியாத பேஸை வாசிக்கவும் முடியாது. கேட்கவில்லையென்றால் ஹெட்ஃபோன் மாட்டி, கீழ் ஒலியைக் கூட்டுங்கள்.

பேஸ் கிடைத்ததும் அதற்கு மேல் மேஜர், மைனர் இரண்டையும் வாசியுங்கள். ஒன்று உரசும், ஒன்று சேரும். இரண்டுமே உரசினால் பேஸ் ஸ்வரம் கார்டின் முதல் ஸ்வரமாக இல்லாமல் இருக்கலாம்; அந்த ஸ்வரத்தைக் கொண்ட மூன்று கார்டுகளையும் வாசித்துப் பாருங்கள், குறை 1-இல் எழுதிய பட்டியல் இங்கே கைகொடுக்கும். இரண்டுமே சேர்வதுபோல் தோன்றினால், பதிவில் மூன்றாவது ஸ்வரமே இல்லாமல் இருக்கலாம். கரகரப்பாக ஒலிக்கும் டிஸ்டார்ஷன் கிதார்கள் பெரும்பாலும் முதல் ஸ்வரத்தையும் ஐந்தாவதையும் மட்டுமே வாசிக்கும். இல்லாததைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சி6 கார்டா, ஏ மைனர் செவன்த்தா என்று சிலர் மல்லுக்கட்டுவார்கள். இரண்டிலும் ஸ்வரங்கள் சி, ஈ, ஜி, ஏ. பேஸ் சி என்றால் முன்னது, ஏ என்றால் பின்னது.

ஒரு சில வாரங்கள் நாள்தோறும் முயன்றும் பேஸ் ஸ்வரத்தைப் பாட முடியவில்லையென்றால் ஆசிரியரிடம் செல்லுங்கள். காது தனியாகப் பழகும்போது அது செய்யும் பிழையை அதனாலேயே கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் ஒருவர் இருந்து, நீங்கள் பாடுவது ஐந்தாவது ஸ்வரம், அடியில் இருப்பது முதல் ஸ்வரம் என்று சொன்னால் ஒரே வகுப்பில் திருந்தும். போகும்போது பதிவையும், நீங்கள் எழுதிய கார்டுத் தாளையும், சிக்கல் வரும் இடங்களின் நிமிடம், நொடிக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். தவறென்று தோன்றி அடித்துவிட்ட கார்டுகளும் தாளில் தெரியட்டும். உங்கள் காது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஆசிரியர் அவற்றிலிருந்துதான் படிப்பார்.